பை மேலே பெரிய எழுத்தில்

ஒரு வேலை முடிந்தால் அதை அப்படியே விட்டுவைக்க எனக்குத் தெரியாது. நோண்டிக்கொண்டே இருக்க வேண்டும். அன்று காலையும் மரக்காணத்தில் எங்கள் வீட்டு மாடியில் உட்கார்ந்து, அண்ணியின் மீன் கடை வெப்சைட்டில் வந்திருந்த ஆர்டர்களை ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்துக்கொண்டிருந்தேன். அண்ணன் கடலுக்குப் போவார். அண்ணி மீனை அறுத்துச் சுத்தம் செய்து பாண்டிச்சேரி பக்கம் அனுப்புவார். வெப்சைட் நான் செய்து கொடுத்தது.

ரெடிமேடாகக் கிடைத்த ஷாப்பிங் கார்ட்தான். ஆர்டர் போடுகிறவர் ஏதாவது சொல்ல வேண்டுமென்றால் எழுத அதில் 'கமெண்ட்ஸ்' என்று ஒரு பெட்டி உண்டு. எழுதியது பில்லின் அடியில் எறும்பு மாதிரி பொடி எழுத்தில் வரும். அண்ணிக்கு அது பிடிக்கவில்லை.

"ஈரக் கையோட போனத் தொட முடியுமா? அறுக்கும்போது நிமிந்து பாத்தா தெரியணும். பை மேல ஒட்டற சீட்டுலயே பெருசா போட்டுடு" என்றார்.

போட்டுக் கொடுத்தேன். பி.எச்.பி. கோட், நாலைந்து வரிதான். கமெண்ட்டை எடுத்து, முகவரிக்கும் மேலே, தடித்த எழுத்தில் அச்சாகும்படி மாற்றினேன். 'தலை வேணாம்.' 'குழம்புக்கு வெட்டுங்க.' 'முட்டை இருந்தா தனியா கட்டுங்க.' அண்ணி காலிப் பைகளில் சீட்டை ஒட்டி எதிரே வரிசையாக மாட்டிவிட்டு, பார்த்துப் பார்த்து அறுப்பார். தப்பே வரவில்லை. எனக்குக் கொஞ்சம் தலைக்கனம்கூட வந்திருந்தது.

அன்று கண்ணில் பட்டது இது: 'பால் சுறா ஃப்ரெஷ்ஷா குடுங்க. பிள்ளை பெத்த உடம்பு, பால் பத்தல. ஹவுஸ் ஓனர் சைவம், தெரிஞ்சா வீட்டக் காலி பண்ணச் சொல்லிடுவாங்க. கேட்டுல மீன்னு சொல்லாம நேரா மாடிக்கு வந்துடுங்க.'

இத்தனையும் பெரிய எழுத்தில் பை மேலேயே ஒட்டியிருக்குமே! கீழே ஓடினேன். அண்ணி பலகையைக் கழுவிக்கொண்டிருந்தார்.

"அந்தப் பால் சுறா எங்க அண்ணி?"

"தம்பி எடுத்துனு போயி எவ்ளோ நேரமாவுது. ஏன்?"

"சீட்டுல இருந்தத முழுசா படிச்சீங்களா?"

"அறுக்கறதுக்கு ஒண்ணும் சொல்லல. மத்தது வண்டிக்காரனுக்குன்னு விட்டுட்டேன்."

அண்ணியின் தம்பிதான் பைக்கில் டெலிவரி போகிறவன். வண்டி ஓட்டும்போது போனை எடுக்க மாட்டான். நல்ல பழக்கம்தான், ஆனால் அன்று அவனை அறையலாம் போலிருந்தது. ஸ்கூட்டியைக் கிளப்பினேன். அந்த வீடு பெரிய முதலியார்சாவடியில். உப்பளம் நெடுக எதிர்க்காற்று, பாத்திகளில் வெயில் அடித்துக் கண் கூசியது. முன்னால் உப்பு மூட்டை லாரி ஒன்று வழி விடாமல் ஊர்ந்தது. லாரியைத் திட்டினேன். போனில் சொல்லாமல் இதைப் போய்ப் பெட்டியில் எழுதியதற்கு அந்தப் பெண்ணையும் திட்டினேன். ஓரமாக நிறுத்தி நிறுத்தி அவனுக்குப் போன் அடித்தேன்.

கடைசியில் அவனே கூப்பிட்டான். "குடுத்துட்டேன்க்கா. மீன்னு சொல்லல. கேட்டுல ஒரு பெரியவர் இருந்தாரு. மேல கொழந்த தூங்குது, நானே குடுத்துடறேன்னு வாங்கிக்கினாரு."

இனி போய் என்ன ஆகப்போகிறது? ஆனாலும் வண்டியைத் திருப்ப மனசு வரவில்லை.

கேட்டுக்கு உள்ளே, கையில் எங்கள் பையோடு ஒரு அம்மா நின்றிருந்தார். என் வண்டியைப் பார்த்ததும், "மீன்காரங்களா?" என்றார்.

"ஆமாங்க. தப்பு எங்களோடதுங்க. அந்தப் பொண்ண எதுவும் சொல்லிடாதீங்க."

"எனக்குத் தெரியாதா? மேல மீன் வெந்தா கீழ வாசன வராதா?" அவர் குரலைத் தாழ்த்திக்கொண்டார். "அவ மாசமா இருந்தப்பலேர்ந்து வருது. வரும்போதெல்லாம் சாம்பிராணியப் போட்டுட்டு, எங்க வீட்டுக்காரர்கிட்ட வாயத் தொறக்காம இருந்தேன். நீங்க எழுதி அவர் கையிலயே குடுத்துட்டீங்க. இனிமே நான் என்ன பண்றது?"

வண்டியை ஸ்டாண்டு போட்டு இறங்கினேன்.

"சாயந்தரம் அவ வீட்டுக்காரர் வந்ததும் இவர் காலி பண்ணச் சொல்லப் போறாரு" என்றபடி சீட்டைக் கிழித்துக் கசக்கினார். பையை என்னிடம் நீட்டினார். "நீங்களே கொண்டு போய்க் குடுங்க. பிள்ளைக்காரி, இன்னிக்காவது நிம்மதியா சாப்பிடட்டும். இப்ப எதுவும் சொல்லாதீங்க."

மாடிப்படி ஏறும்போதே மண்டைக்குள் கோட் ஓடியது. பெட்டியை இரண்டாக்க வேண்டும். அறுக்கிறவருக்கு ஒன்று, கொண்டுபோகிறவருக்கு ஒன்று. இரண்டாவது அச்சாகவே கூடாது, அவன் போனுக்கு மட்டும் போனால் போதும். பத்து நிமிஷ வேலை. அதை நினைக்க நினைக்க என்மேலேயே ஆத்திரமாக வந்தது.

கதவைத் திறந்தவள் என்னைவிடச் சின்னப் பெண். தோளில் துணி சுற்றிய குழந்தை. பையை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். மேலே ஒன்றும் ஒட்டியிருக்கவில்லை என்றதும் முகம் தெளிந்தது.

"கீழ யாரும் பாக்கலயேக்கா?" என்று கிசுகிசுத்தாள்.

"இல்லம்மா, யாரும் பாக்கல" என்றேன்.