அண்ணன் தானா வெளிய வந்தான்

அண்ணே, நீ இல்லாத வீட்டுல தறி மட்டும் ஓடிக்கிட்டே கெடக்கு. நிறுத்துனா அப்பா அழுவுதது கேக்கும். அதான் நிறுத்த மாட்டுக்கேன்.

எங்கண்ணன் கார் ரேஸ் ஓட்டுனவன். முன்னாடி லோடு ஆட்டோ ஓட்டுனான். கரிவலம் ரோட்டுல பஸ் இடிச்சு, இடது கால முட்டிக்குக் கீழ எடுத்துட்டாவ. இனி சும்மா வீட்டுல இருலேன்னு எல்லாரும் சொன்னாவ. இவன் கிளட்சக் கைக்கு மாத்தி, கோயம்புத்தூர்ல ஒரு ஒர்க்‌ஷாப்காரரப் புடிச்சு, ரேஸ் காருக்குள்ள ஏறிட்டான்.

அவன் ஓட்டுததுல யாரும் குறை சொல்லல. ஆனா கார் தீப்பிடிச்சா, ஒருத்தர் கையும் படாம சட்டுன்னு வெளிய வரணுமாம். வந்து காட்டுனாத்தான் ரேஸுக்கு விடுவாவ.

பழைய இரும்புக் கடையில கெடந்த ஒரு காரோட வெறுங்கூட்ட வாங்கி வீட்டுக்குப் பின்னால போட்டு, அதுல பழகுனான். கை ஊனி, இடுப்பத் தூக்கி, வெளிய வந்து விழுவான்.

"ஏட்டி, சும்மா நின்னு பாரு. தொட்டன்னா கொன்னுருவேன்."

"தவளை மாதிரி விழுதியேண்ணே."

"தவளைக்கு நாலு காலுட்டி. நான் ஒத்தக் கால்ல குதிக்கேன். யாரு பெரிய ஆளு?"

டெஸ்ட் அன்னைக்கு நானும் அப்பாவும் போனோம். அண்ணன் பாதி வெளிய வந்துட்டான், கை வழுக்கிருச்சு. நம்ம ஊர்ல ஒருத்தன் விழுந்தா பாத்துக்கிட்டா நிப்பாவ? அப்பா "ஏ மக்கா"ன்னு ஓடிப் போயி, அக்குள்ல கை குடுத்துத் தூக்கிட்டாவ. அவ்வளவுதான், அந்த வருசம் போச்சு. திரும்பி வரும்போது பஸ்ல அண்ணன் முன் சீட்டுல தனியா உக்காந்துக்கிட்டான். சங்கரன்கோவில்ல எறங்கும்போதுதான் சொன்னான்.

"எப்பா, இனிமே நான் செத்தாலும் நீங்க தொடக் கூடாது."

மறுவருசம் தானா வந்து காட்டிட்டான். ஒரு ரேஸ்ல மூணாவதா வந்து கப்பு வாங்குனான். அத கோமதி அம்மன் சன்னதில காட்டிக் கும்பிட்ட பெறவுதான் அம்மா வீட்டுக்குள்ள விட்டுச்சு.

கடைசி ரேஸ்ல கார் செவுத்துல மோதிருச்சு. அப்பா கம்பி வேலியப் புடிச்சுக்கிட்டு நின்னாவ. ஓடல. அண்ணன் தானா கை ஊனி வெளிய வந்து, எங்களப் பாத்துக் கையக் காட்டுனான். எல்லாரும் கை தட்டுனாவ. நானும் தட்டுனேன். பெறவு ஓரத்துல அடுக்கியிருந்த டயர் மேல உக்காந்தவன் அப்படியே சாஞ்சுட்டான். வயித்துக்குள்ள ரத்தம் கொட்டியிருக்கு. ஆஸ்பத்திரிலதான் சொன்னாவ.

அப்பா இப்பம் சோறு திங்க மாட்டுக்காவ. "ஓடிப் போயித் தூக்கியிருந்தா பொழச்சிருப்பானோட்டி?"ன்னு என்னையக் கேக்காவ. எட்டாவதோட நின்னவ நான், எனக்கு என்ன தெரியும்? டாக்டர் வாயத் தெறக்கல. சாமியும் தெறக்கல.

இத வாசிக்கவங்க எந்தச் சாமியக் கும்புட்டாலும் சரி, எங்கண்ணனுக்காக வேண்டிக்கிடுங்க. அப்படியே எங்கப்பாவுக்கும்.