மோந்து பார்க்காத பீப்பாய்

ஆர்லிஸ் எங்கே உட்கார்ந்தாலும் தூங்கிவிடுவாள். சர்ச்சில் பிரசங்கம் பாதி நடக்கும்போது தூங்குவாள். ஒருமுறை பல் டாக்டர் வாயைத் திறக்கச் சொல்லிவிட்டு ஊசி எடுக்கத் திரும்பிய நேரத்தில், திறந்த வாயோடு தூங்கிப்போனாள். டாக்டர் பதறி நாடி பிடித்துப் பார்த்தாராம். முதியோர் இல்லத்தில் அவளுக்கு இரவு வேலை. எழ முடியாதவர்களைப் புரட்டிப் படுக்க வைப்பது, துடைப்பது, உடை மாற்றுவது. விடிந்து வீட்டுக்கு வந்தால் அங்கே டெல்மர். அவனையும் எழுப்பி உட்கார வைக்க வேண்டும். இல்லத்திலாவது சம்பளம் உண்டு.

டெல்மர் அவள் கணவன். காகித ஆலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். எங்கள் சர்ச்சின் செப்டம்பர் திருவிழாவுக்கு பீர் காய்ச்சுகிறவனும் அவன்தான். மார்ச்சில் காய்ச்சி, கோடை முழுக்கக் குளிரில் உறங்க வைத்து, செப்டம்பரில் திறக்கிற செம்பு நிற பீர், லாகர் என்பார்கள். விஸ்கான்சினில் எந்த ஊருக்குப் போனாலும் பீர் கிடைக்கும். ஆனால் திருவிழா பீப்பாய் என்றால் எங்களுக்கு டெல்மர் பீப்பாய்தான். பாஸ்டர் முதல் கோப்பையை வாயில் வைக்கும்வரை யாரும், காய்ச்சியவனே ஆனாலும், ஒரு சொட்டு நாக்கில் வைக்கக் கூடாது என்பது எங்கள் வழக்கம். யார் வைத்த வழக்கமோ, அவன் நாசமாய்ப் போக. அதனால்தான் இத்தனையும்.

போன வருஷத்துக்கு முந்தின குளிர்காலத்தில் டெல்மர் தன் வீட்டு வாசலில் பனிக்கட்டியில் வழுக்கி விழுந்தான். எதிர்வீட்டுக்காரன் நான்தான் ஓடிப்போய்த் தூக்கினேன். இடுப்பு உடைந்தது எல்லோருக்கும் தெரியும். பின்மண்டையில் பட்ட அடியில் மோப்ப சக்தி அடியோடு போய்விட்டது ஆர்லிஸுக்கும் எனக்கும் மட்டும்தான் தெரியும். காபிக்கும் மண்ணெண்ணெய்க்கும் வித்தியாசம் தெரியாது. "இதை வெளிய சொன்னே, மெர்ல், உன் வீட்டு வாசல்லயும் தண்ணி ஊத்தி வச்சுருவேன்" என்று ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்துக்கொண்டே என்னை மிரட்டினான்.

முன்பெல்லாம் தானியத்தை அரைத்து, வெந்நீரில் ஊற வைத்து, வடிகட்டி, நாள் முழுக்கக் கொட்டகையில் நிற்பான். இடுப்பு போனபின் அது நடக்குமா? கடையில் மால்ட் பாகு, அதாவது முளைகட்டிய பார்லியிலிருந்து எடுத்த பாகு, டப்பாவில் கிடைக்கிறது. வெல்லப்பாகு மாதிரி கெட்டியாக, கரண்டியில் ஒட்டிக்கொண்டு இறங்க மறுக்கும். அதைத் தண்ணீரில் கரைத்து, கசப்புக்கு ஹாப்ஸ் பூ போட்டு, சமையலறை அடுப்பிலேயே கொதிக்க வைத்துவிடலாம். எங்கள் பீர் சங்கத்து ராண்டி இதைக் கேள்விப்பட்டு வீட்டுக்கே வந்துவிட்டான்.

"டப்பாவத் தொறந்து கலக்குறதுக்குப் பேரு பீர் காய்ச்சுறதா? சூப்பு வைக்கிறேன்னு சொல்லுப்பா."

"உன் பீரக் குடிச்சவன் எல்லாம் எங்கிட்ட வந்து சூப்புதான் கேக்குறான்" என்றான் டெல்மர்.

ராண்டி சிரித்துக்கொண்டே போனான். திருவிழா பீப்பாய் மேல் அவனுக்கு ஒரு கண் உண்டு. அது டெல்மருக்கும் தெரியும்.

உண்மையில் லாகரின் ருசியில் பாதி அடுப்புக்குப் பிறகுதான் உண்டாகிறது. பீரை நொதிக்க வைக்கிற ஈஸ்ட் குளிரில் வேலை செய்யும்போது சில சமயம் வெண்ணெய் வாசனையைக் கக்கி வைத்துவிடும். அப்போது பீர் ஜாடியை நிலவறை ஃபிரிட்ஜிலிருந்து எடுத்து ஓரிரு நாள் வீட்டுச் சூட்டில் வைத்தால், கக்கியதை அதுவே தின்றுவிடும். தவறவிட்டால் வெண்ணெய் உள்ளேயே தங்கிவிடும். எடுக்க வேண்டுமா வேண்டாமா என்று சொல்வது மூக்கு. டெல்மருக்கு அது இல்லை. நிலவறைக்கு இறங்க இடுப்பும் இல்லை. ஆகவே ஆர்லிஸ் இறங்கினாள். அவள் மெத்தடிஸ்ட் வீட்டுப் பெண், பீரைத் தொடமாட்டாள். ஆனால் மூக்கு போலீஸ் நாய் மூக்கு. போன வருஷம் அவள் மோந்து சொல்லித்தான் பீர் அமிர்தமாக வந்தது. ஊரே டெல்மரின் முதுகில் தட்டிப் பாராட்டியது. அவள் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள்.

"அவனுக்கு வேற என்ன மிச்சம் இருக்கு, மெர்ல்?" என்று என்னிடம் ஒருநாள் கேட்டாள். "இந்தப் பீப்பாயும் போச்சுன்னா ஜன்னல் பக்கம் போய் உக்காந்துருவான். அப்புறம் எந்திரிக்கவே மாட்டான். அப்படி உக்காந்தவங்களத்தான் நான் தினமும் ராத்திரி புரட்டிப் போட்டுட்டு வர்றேன்."

இந்த மார்ச்சில் ஒரு நாள் இல்லத்தில் ஒரு மூதாட்டி இறந்துபோனாள். ஆர்லிஸ்தான் உடம்பைக் கழுவி, தலை வாரி, மகன் வந்து சேரும்வரை பக்கத்தில் நின்றிருக்கிறாள். காலையில் வீட்டுக்குள் நுழைந்ததும் சமையலறை மேஜையிலிருந்து டெல்மர் கேட்டான்: "கொஞ்சம் கீழ போய் மோந்து பாத்துட்டு வந்துரேன், ஆர்லிஸ். இன்னைக்குப் பாக்கலேன்னா தப்பிப் போயிரும்."

அவள் இறங்கினாள். கடைசிப் படியில் உட்கார்ந்தாள். ஃபிரிட்ஜ் நாலடி தூரத்தில் இருந்தது. உள்ளே ஆட்டுக்கல் கனத்தில் ஜாடிகள். வாசனை இருந்தால் அவற்றை அவள்தான் தூக்க வேண்டும், மேலே கொண்டுவர வேண்டும், மறுபடி இறக்க வேண்டும். எழுந்து மேலே வந்தாள்.

"வெண்ணெ வாசம் இருக்கா?"

"இல்ல. நல்லா இருக்கு."

"சரி, போய்ப் படு."

இதைத் திருவிழாவன்றுதான் என்னிடம் சொன்னாள், பாஸ்டர் கோப்பையை வாயருகே கொண்டுபோகும் நேரத்தில், என் சட்டைக் கையைப் பிடித்துக்கொண்டு. ஜாடிகளிலிருந்து பீப்பாய்க்கு மாற்றியது நான்தான். புகையிலை மெல்லுகிறவன் மூக்குக்கு என்ன தெரியும்?

பாஸ்டர் புதியவர், நல்ல மனிதர். ஒரு வாய் குடித்தார். கண் ஒருமுறை அகலமாகத் திறந்து மூடியது. "கர்த்தருக்கு ஸ்தோத்திரம்" என்றார். வழக்கமாக முதல் கோப்பையை ஒரே மூச்சில் காலி செய்து கவிழ்த்துக் காட்டுவார்கள். அவர் கோப்பையை மெதுவாக மேஜையில் வைத்தார்.

நான் வாங்கிக் குடித்தேன். வெண்ணெய் என்றால் சாதாரண வெண்ணெய் இல்லை. சினிமாக் கொட்டகைப் பாப்கார்னைப் பிழிந்து ஊற்றியது மாதிரி. யாரும் டெல்மரின் முகத்துக்கு நேரே எதுவும் சொல்லவில்லை. தொத்திறைச்சி வரிசையில் மட்டும் ஒருவன் சொன்னான்: "இந்த வருஷம் பால் பண்ணையில காய்ச்சியிருக்காங்க போல." சிரிப்பு. டெல்மர் சக்கர நாற்காலியில் உட்கார்ந்து, தன் கோப்பையை முழுக்கக் குடித்தான். அவனுக்கு அது குளிர்ந்த தண்ணீர். ஆனால் கண் இருந்தது. மேஜைகள் மேலெல்லாம் பாதி குடித்த கோப்பைகள்.

சாயங்காலம் ராண்டி வந்தான். தொப்பியைக் கழற்றிக் கையில் சுருட்டிக்கொண்டு, "அடுத்த வருஷம் நான் வேணா ஒரு கை குடுக்கட்டுமா, டெல்மர்?" என்றான். கேலி இல்லாமல் கேட்டான். அதுதான் பொறுக்க முடியவில்லை.

"நீயே காய்ச்சு" என்றான் டெல்மர். அவ்வளவுதான்.

ஆர்லிஸின் முகத்தை அப்போது நான் பார்த்தேன். துக்கம்தான் பட்டாள், அது பொய்யில்லை. கூடவே, இனி ஜாடி தூக்க வேண்டாம், அப்பாடா என்கிற ஒரு நிம்மதியும் வந்தது. வந்த நிம்மதிக்காக வெட்கப்பட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

மிச்ச பீரைச் சர்ச்சுக்குப் பின்னால் புல்லில் கொட்டினோம். பீப்பாயை நான் சாய்த்தேன், அவள் அடியைத் தூக்கிப் பிடித்தாள். டெல்மர் பார்த்துக்கொண்டிருந்தான். பாதி கொட்டும்போதே அவள் பீப்பாயை விட்டுவிட்டாள்.

"நான் மோந்தே பாக்கல, டெல்மர். படியில உக்காந்துட்டு மேல வந்து பொய் சொன்னேன்."

"தெரியும்."

"என்ன தெரியும்?"

"அந்த ஃபிரிட்ஜ் கதவு தொறந்தா மேல வரைக்கும் கீச்சுன்னு கத்தும். அன்னைக்குக் கத்தல. நீ மூச்சு வாங்குறதுதான் கேட்டுச்சு."

"தெரிஞ்சும் ஏன் சும்மா இருந்தே?"

"சொன்னா மறுபடி எறங்குவே. எறங்கினா தூக்குவே." புல்லில் நுரை அடங்குவதையே பார்த்தபடி சொன்னான். "பீரு போனாப் போகுது, படுக்கட்டும்னு விட்டுட்டேன்."

அழுவாள் என்று நான் நினைத்தேன். அவள் கத்தினாள்.

"அன்னைக்கே சொல்லித் தொலைச்சிருக்கக் கூடாதா, கெழவா? மார்ச்சுலேர்ந்து நான் ஒரு நாளாவது நிம்மதியாத் தூங்கினேனா? படுத்தா அந்த ஜாடிதானே கண்ணு முன்னால வந்து நிக்குது!"

அவளுக்குத் தூக்கம் கொடுத்துவிட்டதாக அத்தனை மாதமும் நினைத்துக்கொண்டிருந்தவன் டெல்மர். அவன் முகம் அப்படிச் சுருங்கி நான் பார்த்ததில்லை, பனியில் கிடந்தபோதுகூட.

என் வண்டியில்தான் திரும்பினோம். டெல்மர் முன்னால், அவள் பின்னால், காலிப் பீப்பாய் அவள் பக்கத்தில். கடைத்தெரு தாண்டுவதற்குள் அவள் தூங்கிவிட்டாள், வாயைத் திறந்துகொண்டு, குறட்டையோடு. எங்கள் தெரு வந்ததும் நான் வேகத்தைக் குறைத்தேன். டெல்மர் என் கையைத் தொட்டான்.

"நிறுத்தாத, மெர்ல். நிறுத்தினா முழிச்சுக்குவா. ஏரியச் சுத்திப் போ."

"எவ்வளவு நேரம்?"

"அவளா முழிக்கிற வரைக்கும்."

பெட்ரோல் என் காசு. வண்டியை ஏரிப் பக்கம் திருப்பினேன்.