தெசியாவுக்குச் சொன்ன மறுமொழி

இது கட்டுக்கதை அன்று. நற்கருணை வாங்கும் நாவால் பொய் உரைக்க எனக்கு அச்சம் உண்டு. சென்ற பெருநோன்புக் காலத்தில், ஒரு வியாழக்கிழமை, பட்டப்பகலில், நக்காதா ஊருக்கு வெளியே உள்ள மடத்தில் இது எனக்கு நேர்ந்தது.

நான் பிசெந்தி. கோவிலில் திருத்தொண்டன். வார நாட்களில் மடத்து நூலகத்தில் பழைய பாப்பிரஸ் நாணல் ஏடுகளைச் செப்பனிடுகிறேன்.

அன்று துறவி பக்கூம், நாங்கள் ‘அபூனா’ (தந்தை) என்று அழைப்பவர், மடித்து முத்திரையிட்ட ஓர் ஏட்டைக் கொண்டுவந்தார். இடிந்த சுவருக்குள் கிடைத்தது; எங்கள் பழைய எகிப்தியக் கிறித்தவர்களின் கோப்திய மொழிக் கடிதம். ஆயிரத்து முந்நூறு ஆண்டுப் பழமை. அதன் களிமண் முத்திரை உடையவே இல்லை.

“பிசெந்தி, உனக்குத்தான்டா கடுதாசி! மேல பாரு. ‘பிசெந்திக்குக் கொடுக்கவும், தெசியாவிடமிருந்து.’”

“எம்பேர்ல இந்த ஊர்ல நூறு பேர் இருக்காங்க அபூனா.”

“அவங்க யாருக்கும் பொம்பள கடுதாசி போடலியே! வெரீனாகிட்ட சொல்லட்டுமா?”

சிரித்துக்கொண்டே அவர் செபத்துக்குப் போய்விட்டார். வெரீனா என் மனைவி. எங்கள் மகள் யூஸ்தீனா பிறந்து அன்றோடு அறுபத்தொன்பது நாள். பெண் குழந்தைக்கு எண்பதாம் நாளில்தான் திருமுழுக்கு.

மணி 3:04. முத்திரையைப் பெயர்த்தெடுத்து, ஈரத்துணி ஒற்றி முதல் மடிப்பை விரித்தேன். சரக்... வழக்கம்போல் உரக்க வாசித்தேன்.

“உனக்குச் சமாதானம்.”

பலிபீடத்திலிருந்து குரு ‘சமாதானம்’ என்றால், ‘உம் ஆவிக்கும்’ என்று நாங்கள் மறுமொழி சொல்வோம். ஆறு வயது முதல் பழகிய நாக்கு. நினைக்கும் முன்பே சொல்லிவிட்டது.

“உம் ஆவிக்கும்.”

யாரோ மூச்சு விட்டார்கள். என் தோளருகே...

திரும்பினேன். எவரும் இல்லை. அடுத்த வரிகளை வாசித்தேன்.

“பஞ்சம் தீரும்வரை வளர்ப்பதாகச் சொல்லி என் மகளை வாங்கிச் சென்றாய். மூன்று முறை எழுதியும் மறுமொழி இல்லை. ஒரு சொல் போதும். நானே வந்து அழைத்துக்கொள்வேன்.”

என் விரலில் கறுப்பு. மை ஈரமாக இருந்தது.

3:11. வெறுங்காலடி ஓசை. தப்... தப்... கதவு தானே திறந்தது.

ஓசை ஊர்ப்பக்கம் போயிற்று.

வீட்டுக்குக் கால் மணி நேர நடை. 3:13-க்குத் தொலைபேசியில் அழைத்தேன்.

“வெரீனா! பாப்பா எங்க?”

“இங்கதான். ஏங்க இப்படி மூச்சு வாங்குது? உங்களுக்குத் தெரிஞ்ச அம்மா ஒருத்தங்க வந்திருக்காங்க. நீங்க பதில் சொன்னீங்களாமே?”

“பாப்பாவைக் கொடுத்துடாதே!”

“அட, அவங்க மடியிலதான்...”

இணைப்பு அறுந்தது.

ஓடினேன்.

3:21. யூஸ்தீனா தொட்டிலில் கிடந்தாள். மூச்சு இருந்தது. உடலில் சூடு இருந்தது.

“பாவங்க, புத்தி பேதலிச்சவங்க போல,” என்றாள் வெரீனா. “பாப்பா காதை மடக்கி மடக்கிப் பார்த்தாங்க. ‘எம் புள்ளதான்’னு ஒரே அழுகை. போர்த்தித் தூக்கிட்டுப் போகத் துணி எடுத்துட்டு வரேன்னு கிளம்பிட்டாங்க.”

எண்பதாம் நாளுக்குக் காத்திருக்கவில்லை. அன்று மாலையே திருமுழுக்குக் கொடுத்தோம்.

கடைசி மடிப்பை நான் தொடவில்லை. மூன்றாம் நாள் அபூனாதான் விரித்து வாசித்தார். அவர் முகத்தில் சிரிப்பு இல்லை.

“என் மகளின் அடையாளம் மறவேன். இடது காதின் பின்னே, பேரீச்சங்கொட்டை போல ஒரு மச்சம்...”

யூஸ்தீனாவுக்கு அந்த மச்சம் பிறந்த நாள் முதலே இருக்கிறது.