மூணாவது பியானோ

வீடு மாற்றிக் கொடுக்கும் ஆட்கள் நடுவில் அவருக்கு 'மெதுவா' என்றுதான் பெயர். பதினாறு வருஷம் இன்னொருவரிடம் வேலை பார்த்தபோது, பீரோவோ பூந்தொட்டியோ, எதைத் தூக்கினாலும் "மெதுவா, மெதுவா!" என்று கத்தியதில் வந்த பெயர். சொந்த வண்டியோடு கிளம்பிய அன்று பழைய முதலாளி, "ஒரு கீறல் விழட்டும், நீயே திரும்பி வந்து நிப்பே" என்று சிரித்தார். அந்தச் சிரிப்பு மெதுவாவின் காதிலேயே குடியிருந்தது.

முதல் வேலை, இத்தாலிக்கார மியூசிக் டீச்சர் வீடு மாறுவது. ஃபோனை எடுத்தவள் மெதுவாவின் மனைவி. டீச்சர் பேசியது பாதி தமிழ், பாதி அவர் பாஷை. காதில் விழுந்ததை அப்படியே எழுதி வைத்தாள்: 'பியானோ. மூணாவது பியானோ. பியானோ, பியானோ.'

"எண்ணிப் பாத்துட்டேங்க, மொத்தம் நாலு!"

"நாலா? அந்தம்மாவுக்கு எத்தனை கை?"

நாலு பேர் போதுமான வேலைக்கு எட்டுப் பேரோடு போனார். கட்டிலுக்கு அடியில்கூடத் தேடியாயிற்று. இருந்தது ஒரே ஒரு பியானோ.

"மீதி மூணு எங்கம்மா?"

விஷயம் புரிந்ததும் டீச்சர் சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "எங்க பாஷையில மூணாவது பியானோன்னா மூணாவது மாடி! பியானோ பியானோன்னா மெதுவா மெதுவா! திட்டத்துக்கும் பியானோதான் பேரு!"

"ஒரே வார்த்தைய வெச்சுக் குடும்பமே நடத்துறீங்களேம்மா!"

புது வீட்டில் மாடிப்படி குறுகல். இரண்டாவது மாடித் திருப்பத்தில் எவனோ முனகினான்: "பியானோவ பியானோவுக்குப் பியானோவா ஏத்துறோம்டா."

அவ்வளவுதான். எட்டுப் பேருக்கும் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. கை தளர்ந்து, பியானோ சுவர்ப் பக்கம் சாய்ந்தது. மெதுவாவுக்கு உயிரே போய்விட்டது.

"மெதுவா!" என்றார் அவர்.

"பியானோ!" என்றார் டீச்சர்.

கூடுதலாக வந்த நாலு தோள்கள்தான் முட்டுக்கொடுத்துத் தாங்கின. சுவருக்கும் பியானோவுக்கும் நடுவே ஒரு விரல் இடைவெளி.

"இறக்கி வைங்கடா. சிரிச்சு முடிச்சுட்டுத்தான் தூக்கணும்!"

படியிலேயே உட்கார்ந்து, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்து முடித்தார்கள். பிறகு தூக்கினார்கள். மேலே போனதும் மெதுவா நாலு பக்கமும் உள்ளங்கையால் தடவிப் பார்த்தார். ஒரு கீறல் இல்லை.

மறுநாள் ஃபோனைக் கையால் பொத்திக்கொண்டு மனைவி கூப்பிட்டாள்: "யாரோ புதுசா பேசுறாங்க, டீச்சர் நம்மளப் பத்திச் சொன்னாங்களாம். 'பியானோ அண்ணன்' பீரோ எல்லாம் தூக்குவாரான்னு கேக்குறாங்க."

"தூக்குவாரு, தூக்குவாரு. எத்தனையாவது பியானோன்னு கேளு!"