சுடலை மிதித்த முதுகு

குற்றாலத்தில் சீசன் தொடங்கிய வாரம் எனக்கு முதுகுவலி வந்தது. எண்ணெய் தேய்த்துவிடும் தொழிலில் முதுகுவலியெல்லாம் ஒரு நோயா? எங்களில் யாருக்கு வலித்தாலும் இன்னொருவன் குப்புறப் படுக்கவைத்து, எண்ணெய் விட்டு, ஏறி மிதிப்பான். நானும் கூட்டாளி சுடலையிடம் முதுகைக் கொடுத்தேன்.

மிதித்தான். மடக்கென்று ஒரு சத்தம். அவனுக்கும் கேட்டிருக்கிறது.

தென்காசியில் படம் எடுத்தபோது முதுகெலும்பில் ஒரு முள்ளெலும்பு நசுங்கியிருந்தது. பிறகு டெக்ஸா ஸ்கேன் (எலும்பின் அடர்த்தியை அளக்கும் பரிசோதனை). ஆஸ்டியோபோரோசிஸ் (எலும்பு வலுவிழந்து எளிதில் முறியும் நிலை) என்றார் டாக்டர். எனக்கு இன்னும் ஐம்பதுகூட ஆகவில்லை. பல வருஷமாக எச்.ஐ.வி.க்கு மாத்திரை போடுகிறேன். அதைத் தருகிற இந்த டாக்டரை விட்டால், என் மனைவி செல்விக்கு மட்டும்தான் அது தெரியும்.

"கிருமியும் எலும்பைக் கரைக்கும். நீங்க போடுத மாத்திரையில ஒண்ணும் கரைக்கும். அதுக்காக நீங்களா நிறுத்திராதீங்க. வேற மாத்தித் தாரேன்."

"இத்தன வருஷமா யாரும் சொல்லலியே சார்?"

"வலின்னு நீங்க சொல்லலியே."

நல்ல பதில்தான், போங்கள்! ஊர் உடம்பையெல்லாம் பிடித்துவிடுகிறவன் தன் வலியை எங்கே போய்ச் சொல்வான்? என்னைப்போல் மாத்திரை போடுகிறவர்கள் எலும்பைப் பற்றி நீங்களே கேளுங்கள். வலிக்கிற முதுகை யார் காலுக்கும் கொடுக்காதீர்கள்.

இதற்குள் சுடலை தொழிலை விட்டுவிட்டான்.

"மனுசன முடமாக்கிட்டேன்னு அந்த அண்ணன் எண்ணெயத் தொடவே மாட்டேங்காவளாம். சீசன்ல வீட்ல கெடந்தா சோத்துக்கு எங்க போவாவ? சொல்லிருங்க" என்றாள் செல்வி.

எலும்பு நோய் என்று மட்டும் சொன்னால் நம்பமாட்டான்; முழுதும் சொன்னால் என் பிழைப்பு போகும். வெறுங்கை வெறும் உடம்பில் படுகிற தொழில். தொட்டால் ஒட்டாது என்று டாக்டரே வந்து சொன்னாலும், தெரிந்தபிறகு எவன் முதுகைக் காட்டுவான்?

ஆனாலும் அவனை வீட்டுக்கு வரவழைத்து, எலும்பு கரைந்ததையும் அதன் காரணத்தையும் சொன்னேன்.

"அப்பம் என் காலு காரணமில்லையாலே?"

"இல்லலே."

பாவி, அழுதே விட்டான். பிறகு செல்வி வைத்த காப்பியைத் தொடாமல் எழுந்து போனான்.

மறுநாளே வேலைக்குப் போய்விட்டான். வலி குறைந்ததும் இடுப்பில் பெல்ட்டோடு நானும் அருவிக்கரைக்குப் போனேன். சுடலை என்னைப் பார்த்துவிட்டுக் குனிந்துகொண்டான். மற்றவர்கள் எட்டி நின்றே பேசினார்கள்.

"ஒடம்ப வச்சுக்கிட்டு இங்கன எதுக்கு அண்ணாச்சி அலையுதிய?"

எல்லாருக்கும் தெரிந்துவிட்டது. திரும்பிவிட்டேன்.

எலும்பு மெல்லத் தேறும், வருஷங்கள் ஆகும் என்கிறார் டாக்டர். சீசனுக்குச் சீசன் ஓடிய என் காலம் இப்போது ஸ்கேனுக்கு ஸ்கேன் நகர்கிறது. எத்தனையோ பேரைத் தொட்ட உடம்பு இது. இன்று இதைத் தொடுவதற்குச் செல்வி ஒருத்திதான். அவளும், எங்கே ஒடிந்துவிடுமோ என்று பயந்து பயந்து தொடுகிறாள்.