இடது கைக்கு ஒரு குழாய்

பி.வி.சி. குழாயை வலது காலால் மிதித்துக்கொண்டு, வலது கையால் இரும்பறுக்கும் வாளை இழுக்கிறார் யஹ்யா. குழாய் உருளுகிறது. காலை மாற்றி வைத்து மறுபடி இழுக்கிறார். வெள்ளைத் தூள் இடுப்புச் சாரத்தில் கொட்டுகிறது. ஒரு முனையைப் பிடித்துக்கொள்ளலாம் என்று நான் குனிந்தேன்.

"தள்ளி நில்லுங்க மிஸ்ஸி. இது வன் வே" என்றார், தலையை நிமிர்த்தாமல்.

மிஸ்ஸி என்றால் தாதி; நான் தாதி இல்லை. நோயாளிகளை வீட்டில் வைத்துப் பராமரிக்கப் பயிற்சி பெற்றவள், அவ்வளவுதான். சொன்னாலும் கேட்பதில்லை, வாரத்தில் இரண்டு நாள் பலாபத்வலையில் உள்ள அவர் வீட்டுக்குப் போகிறேன், இரண்டு நாளும் மிஸ்ஸிதான்.

யஹ்யாவுக்கு ஐம்பத்தெட்டு வயது. தம்புள்ளையிலிருந்து கொழும்புக்கு மரக்கறி லொறி ஓட்டியவர். இரண்டு வருடங்களுக்கு முன் பக்கவாதம் வந்தது. பேச்சு திரும்பியது, நடை திரும்பியது, இடது கை திரும்பவில்லை. முழங்கையில் மடங்கி, நெஞ்சோடு ஒட்டிக்கொண்டு நிற்கிறது. அதற்கு அவர் ஸ்பேர் வீல் என்று பெயர் வைத்திருக்கிறார். "கூடவே வரும் மிஸ்ஸி, ஓடாது." குளியலறையிலிருந்து வெளியே வரும்போது வாயாலேயே ஹோர்ன் அடிப்பார். படி இறங்கும்போது "செகண்ட் கியர்" என்று தனக்குத்தானே சொல்லிக்கொள்வார். சட்டைப் பொத்தானை ஒரு கையால் போட நான் பழக்கியபோது அவருக்கு அதில் துளியும் அக்கறை இல்லை. அவர் அக்கறை எல்லாம் நாலந்தா நீர்த்தேக்கத்தின் கரையில் கவிழ்த்து வைத்திருந்த நீல நிற ஃபைபர் படகில் இருந்தது.

அந்தப் படகை விற்கப் போகிறார்கள் என்பதுதான் இந்த அவசரத்துக்கெல்லாம் காரணம். பக்கவாதத்துக்குப் பிறகு ஒருமுறை, தூண்டில் தடியை முழங்கால்களுக்கு நடுவே இடுக்கிக்கொண்டு மீன் பிடிக்கப் போனார். மீன் இழுத்தது. எழுந்து நின்றார். தண்ணீருக்குள் விழுந்தார். துடுப்புப் போட வந்த கூட்டாளி பஸ்லி, சட்டைக் கொலரைப் பிடித்துத் தூக்கி ஏற்றினார். அன்று மாலையே மனைவி ஹமீமா தம்புள்ளையில் ஒருவரிடம் படகுக்கு விலை பேசிவிட்டார்.

யஹ்யா சாப்பிட மாட்டேன் என்று இரண்டு வேளை அடம்பிடித்தார். மூன்றாம் வேளை ஹமீமா ஒரு நிபந்தனை வைத்தார். நான் முன்னால் இருந்தேன், அதனால் சொல்லுக்குச் சொல் தெரியும். அந்த வாரம் மட்டும் தினமும் போனேன்.

"வாற ஞாயிறு நானும் வாறேன். உக்காந்த இடத்த விட்டு எழும்பாம, ஒருத்தர்ட கையும் படாம, ஒரு மீன ஏத்திக் காட்டுங்க. படகு இரிக்கும். இல்லாட்டி திங்கக் கிழம அவங்க வந்து கொண்டு போவாங்க."

"ஒரு மீனா?"

"ஒண்டு போதும். பெரிசா எனக்கு வேணாம்."

சிக்கல் எளிமையானது. தடியைப் பிடித்தால் ரீலைச் சுற்றக் கை இல்லை. ரீலைச் சுற்றினால் தடியைப் பிடிக்கக் கை இல்லை. ஆகவே தடியைப் பிடிக்கப் படகில் ஒரு ஹோல்டர் பொருத்த வேண்டும். உட்கார்ந்தபடியே எட்ட வேண்டும், மீன் இழுத்தால் அசையக் கூடாது. ரீலின் கைப்பிடியை ஏற்கனவே கழற்றி வலது பக்கம் மாற்றிவிட்டார். அதைப் பல்லால் பிடித்துக்கொண்டு முறுக்கியதாக ஹமீமா என்னிடம் முறையிட்டார்.

முதலில் ஹார்ட்வெயார் கடைக்குத் தொலைபேசியில் சொன்னார்: நல்ல ஹோல்டர் அனுப்புங்கள், உரமாக இருக்க வேண்டும் என்று. கடைக்காரர் மின்குமிழ் மாட்டும் ஹோல்டர்களைக் கடதாசியில் சுற்றி அனுப்பிவைத்தார்.

"மீனுக்கு லைட் போடவா பாக்கிறீங்க?" என்றார் ஹமீமா.

"வெளிச்சத்துக்கு வந்தாலும் வரும்" என்றார் யஹ்யா. முகம் மட்டும் சிவந்துவிட்டது.

பிறகு சரியானவை வந்தன. கறுப்புப் பிளாஸ்டிக்கில், விளிம்பில் கவ்விக்கொள்ளும் வகை ஒன்று. துருப்பிடிக்காத இரும்பில் பளபளவென்று ஒரு நேர்க்குழாய். இரண்டையும் கொழும்பிலிருந்து பழைய லொறிக் கூட்டாளி அனுப்பியிருந்தார். படகு நாலந்தாவில் இருக்க, சோதனை வீட்டு மாடி ஜன்னலில் நடந்தது. ஜன்னல் விளிம்பில் ஹோல்டரைப் பூட்டி, தடியைச் செருகி, தங்கூஸ் என்னும் நைலோன் நூலைக் கீழே ஒழுங்கைத் தெருவுக்கு இறக்கினார். கீழே யார் வந்தாலும் அவர்தான் மீன்.

பக்கத்து வீட்டு ஹிதாயா டீச்சர் மீனாக இருந்தார். பாண் விற்க வந்தவர் மீனாக இருந்தார். என் முறையும் வந்தது.

"மிஸ்ஸி, சும்மா நிண்டு இழுக்காதீங்க. ஓடுங்க."

எனக்கு எழுபத்தொரு வயது. நூல் முனையைக் கையில் சுற்றிக்கொண்டு ஒழுங்கையில் ஓடினேன்.

"அது திலாப்பியா ஓட்டம்" என்று மேலிருந்து குரல் வந்தது. "லூலா அப்பிடி ஓடாது. லூலா நிண்டு நிண்டு வெட்டி இழுக்கும். வெட்டுங்க."

லூலா என்றால் விரால்மீன்; வெட்டினேன். கறுப்புப் பிளாஸ்டிக்கின் கவ்வி முறிந்து, தடியோடு சாக்கடைக் கானுக்குள் விழுந்தது. யஹ்யா ஜன்னலில் கைதட்ட முடியாமல் தொடையில் அடித்துச் சிரித்தார். தான் நம்பிய பொருள் உடைந்ததில் இவ்வளவு சந்தோஷப்பட்ட ஒரு மனிதரை நான் பார்த்ததில்லை. "லூலா தான். அசல் லூலா."

இரும்புக் குழாய் அசையவில்லை. ஆனால் அதற்குள் தடி சுழன்றது. நான் பக்கவாட்டில் இழுத்தபோது ரீல் தலைகீழாகத் திரும்பி அடியில் போய்விட்டது. கைப்பிடியை எட்ட அவர் ஜன்னலுக்கு வெளியே பாதி உடம்பைத் தொங்கவிட்டார். ஹமீமா பின்னாலிருந்து சாரத்தைப் பிடித்துக்கொண்டார். அப்படியிருந்தும் அவருக்கு அதை விட மனமில்லை. துணியால் துடைத்துத் துடைத்துப் பார்த்தார்.

"என்ன பொலிஷ் பாருங்க. புது லொறிட பம்பர் மாதிரி."

"பம்பரக் கொண்டு போய் மீனுக்கு மோதப் போறீங்களா?" என்றார் ஹமீமா.

அதற்குப் பிறகுதான் பி.வி.சி. குழாய். முன் விளிம்பிலிருந்து கீழ்நோக்கி ஒரு பிளவு வெட்டினார். தடியைச் செருகினால் ரீலின் கால் அந்தப் பிளவுக்குள் இறங்கி உட்கார்ந்துகொள்ளும், சுழல இடமில்லை. ஜன்னலில் நான் எப்படி வெட்டி இழுத்தும் அது அசையவில்லை. அதோடு விட்டிருக்கலாம். ஹமீமா தொழப் போன நேரத்தில் குழாயின் வாயை அடுப்பில் வாட்டி, இளகியதும் ஒரு போத்தலைச் செருகி, ஊமத்தம்பூ போல விரித்துவிட்டார். அது எதற்கு என்று கேட்டேன்.

"சும்மா மிஸ்ஸி. பாக்க லெச்சணமா இரிக்கட்டும்."

அன்று இரவுச் சோற்றில் பிளாஸ்டிக் மணத்தது என்று ஹமீமா மூன்று நாள் சொன்னார். நானும் அந்த வீட்டில்தான் சாப்பிட்டேன். மணத்தது.

ஞாயிறு காலை நாலந்தாவில் பனி இன்னும் தண்ணீரை விட்டு எழும்பவில்லை. பஸ்லி துடுப்போடு பின்னால். நடுவில் யஹ்யா, அவருடைய வலது முழங்காலுக்கு முன்னால், படகின் உள்விளிம்பில், குழாய், திருகாணிகளால் இறுக்கப்பட்டிருந்தது. விழுந்தால் பிடிக்க நான் அருகில். முன்னால் ஹமீமா, உல்லாசப் பயணிகளின் படகிலிருந்து இரவல் வாங்கிய செம்மஞ்சள் மிதவைச் சட்டை காதுவரை ஏறி நிற்க. உதவிக்குக் கை நீட்டிவிடக் கூடாது என்று இரண்டு கைகளையும் தொடைக்கடியில் வைத்து அவற்றின் மேல் உட்கார்ந்திருந்தார்.

"நானா, மச்சி தண்ணிக்குள்ள பாஞ்சிட மாட்டாங்கதானே?" என்று பஸ்லி, ஹமீமாவைக் கண்ணால் காட்டி, யஹ்யாவிடம் கேட்டார்.

"நீ துடுப்ப வலி" என்றார் யஹ்யா.

சிறு திலாப்பியாக்கள் புழுவைக் கொத்திவிட்டுப் போயின. வெயில் ஏறியது. ஹமீமா கரை எவ்வளவு தூரம் என்று திரும்பித் திரும்பிப் பார்த்தார். அது நல்ல அறிகுறி இல்லை. பாசிப் பக்கமாகப் படகைத் திருப்பும்போது தடியின் நுனி ஒருமுறை தலையாட்டியது. பிறகு வில்லாக வளைந்து தண்ணீரைத் தொட்டது. ரீல் கிறீச்சிட்டது.

குழாய் அசையவில்லை. தடி சுழலவில்லை. எல்லாம் ஜன்னலில் பார்த்தது போலவே நடந்தது. கையை ரீலுக்குக் கொண்டுபோக வேண்டியதுதான் பாக்கி. யஹ்யாவோ தடியை ஹோல்டரிலிருந்து உருவி எடுத்துவிட்டார்.

அத்தனை வருடப் பழக்கம். மீன் இழுத்தால் கை தடியைத் தூக்கும். இத்தனை நாள் சோதனையில் நாங்கள் எல்லோரும் மீனைப் பற்றித்தான் யோசித்தோம். அவரைப் பற்றி ஒருவரும் யோசிக்கவில்லை. இப்போது ஒற்றைக் கையில் தடி ஆடுகிறது, நூல் ஓடிக்கொண்டே இருக்கிறது, சுற்றக் கை இல்லை.

"நானா, குழாய். திரும்ப வைங்க குழாய்ல" என்று பஸ்லி துடுப்பை விட்டுவிட்டு முன்னால் வந்தார்.

"பஸ்லி, தொடாதே" என்றார் ஹமீமா. கைகள் இருந்த இடத்தில் இருந்தன. "தொட்டா செல்லாது. உக்காரு."

யஹ்யா எழவில்லை. இடுப்பு ஒருமுறை உயர்ந்தது, நான் சட்டையைப் பிடிக்கத் தயாரானேன், அது தானாகவே தாழ்ந்தது. தடியின் அடியைக் குழாயை நோக்கிக் கொண்டுவந்தார். மீன் வெட்டியது, அடி விலகிப் படகில் மோதியது. மறுபடி கொண்டுவந்தார். இம்முறை விரிந்த வாயின் ஓரத்தில் பட்டு, சறுக்கி, உள்ளே இறங்கியது. அந்த ஊமத்தம்பூ வாய் இல்லாவிட்டால் இறங்கியிருக்காது. ரீலின் கால் பிளவில் உட்கார்ந்த சத்தம் எல்லோருக்கும் கேட்டது.

"கியர் விழுந்திச்சி" என்றார் யஹ்யா.

சுற்றினார். நிறுத்தினார், ஓடவிட்டார், சுற்றினார். நெற்றி வியர்வை கண்ணில் இறங்கியதைத் துடைக்கவும் கை இல்லை. கரும்பச்சை முதுகு ஒன்று படகின் ஓரத்தில் புரண்டபோது ரீலை விட்டு, காலடியில் கிடந்த கைவலையை எடுத்தார். தடி தன் பாட்டில் நின்று மீனைப் பிடித்துக்கொண்டிருந்தது. முதல் கோரலில் வலை தவறியது. இரண்டாவதில் லூலா படகுக்குள் வந்து என் காலடியில் துள்ளியது. என் முழங்கையிலிருந்து விரல் நுனிவரை இருந்தது. நான் சத்தம் போட்டேன் என்று பஸ்லி இன்றுவரை சொல்லித் திரிகிறார். போட்டிருக்கலாம்.

ஹமீமா கைகளை வெளியே எடுத்து உதறினார். இரண்டும் மரத்துப்போயிருந்தன. கணவரின் முகத்தைப் பார்க்காமல் வலையைப் பார்த்தார்.

"இந்த வலைட கண் பெரிசு. வேற வாங்கணும்."

கரைக்குத் திரும்பும் வழியில் அவர் பஸ்லியிடம் மெதுவாக ஒன்று கேட்டார். புழுவை முள்ளில் கோக்கிறது எப்பிடி என்று. யஹ்யா மறுபக்கம் பார்த்துக்கொண்டிருந்தார். காது இந்தப் பக்கம்தான் இருந்தது.

மறுநாள் காலை பயிற்சிக்காகப் போனேன். முன் அறையில் ஹமீமா தம்புள்ளைக்காரரோடு தொலைபேசியில் இருந்தார். "இல்ல தம்பி, விக்கிறல்ல. காரணம் ஒண்டுமில்ல. நாங்க பாவிக்கிறோம்."

யஹ்யா பின்வளவில், வாழை மரத்தடியில், பலகைத் துண்டு ஒன்றில் உட்கார்ந்து ஈரமண்ணைக் கிளறிக்கொண்டிருந்தார். கிடைத்த புழுக்களைப் பால்மா டின்னில் போட்டு, மேலே மண் தூவி, மூடியை உள்ளங்கையால் அழுத்தி மூடினார். பிறகு ஹமீமாவின் குரல் வந்த பக்கம் ஒருமுறை பார்த்துவிட்டு, பின்னால் கைவிட்டு இன்னொரு வெறும் டின்னை எடுத்தார். அதை இரண்டு பாதங்களுக்கும் நடுவே இடுக்கி வைத்து, முதல் புழுவைப் போட்டார்.