சீமாறும் சிக்னல் பதினொன்றும்

அன்னூர் ரோட்டில் ஒரு நூல் மில். அங்கே கம்ப்யூட்டருக்குப் பேய் பிடித்துவிட்டதாம். ஆபீஸ் புவனா கதவைச் சாத்திக்கொண்டு அதைச் சீமாறாலேயே, அதாவது துடைப்பத்தாலேயே, அடித்து விரட்டினாளாம். தொண்ணூற்றேழு ஐப்பசியில் ஊருக்கு இதுதான் பேச்சு. பேச்சு கருமத்தம்பட்டி போய்ச் சேர்வதற்குள் பேய்க்கு ஊரும் பேரும் சேர்ந்துவிட்டது. சீமாறு நிஜம். கதவைச் சாத்தியதும் நிஜம். மற்றபடி நடந்தது இதுதான்.

புவனா பஞ்சுப் பொதிகளின் எடை எழுத வந்தவள். டைப்ரைட்டருக்கு ஏறி, அங்கிருந்து கம்ப்யூட்டர் நாற்காலிக்கு வந்தவள். முகம் சுளிப்பதில் அவளை மிஞ்ச மில்லில் ஆளில்லை. டீயில் ஆடை மிதந்தாலே நாள் முழுக்கச் சுளிப்பாள்.

குடோனில் மூன்று திரை வைத்து இருப்பு பார்க்க வேண்டும் என்று முதலாளி வரதராஜுலுவுக்கு ஆசை. "பத்திரிகையோட வந்த சிடியில லினக்ஸ் இருக்குதுங்க, அதுலயே செஞ்சுபோடலாம்" என்று வாயைக் கொடுத்தவள் புவனாதான். மூன்று திரையையும் இணைக்கிற அட்டையோ அந்த லினக்ஸுக்குப் பிடிபடவில்லை. அதன் கெர்னலை, அதாவது அடியில் உட்கார்ந்துகொண்டு மெஷினையே ஓட்டுகிற புரோகிராமை, அட்டையையும் சேர்த்துப் புதிதாகக் கம்பைல் செய்து மெஷினுக்குப் புரிகிற வடிவில் வார்த்தாக வேண்டும்.

"திங்கக்கெழமைக்குள்ள ஆகலைன்னா சாய்சரண் பார்த்துக்கட்டும். நீ பழையபடி எடைமேடைக்கே போயிரு அம்மணி" என்றார் முதலாளி.

சாய்சரண் அவருடைய அக்கா மகன். ஆறு மாத டிப்ளமோ. சட்டைப் பையில் எந்நேரமும் ஒரு ஃபிளாப்பி.

முதல் தடவை ஓட்டியபோது, ஏதோ ஒரு ஃபைல் காணோம் என்று நின்றது. மறுபடி ஓட்டினாள், அதே இடத்தில் நின்றது. குறிப்பைப் புரட்டினாள். எந்த ஃபைலுக்கு எது வேண்டும் என்று கணக்கெடுக்கிற ஒரு படியை இவளே தாண்டிப் போயிருக்கிறாள். 'த்தூ' என்று தன்னையே திட்டிக்கொண்டு அதைச் செய்தாள். ஓடியது.

அரை மணி நேரம் ஓடி, 'சிக்னல் பதினொன்று' என்று ஒரு பிழையைக் காட்டிவிட்டுப் படுத்துக்கொண்டது.

மறுபடி ஓட்டினால் வேறொரு ஃபைலில் அதே பதினொன்று. இன்னொரு தடவை, பத்தே நிமிடத்தில் மூன்றாவது ஒன்றில்.

"வைரஸுங்க மாமா. எல்லாத்தையும் அழிச்சுப்போட்டு மொதல்ல இருந்து ஆரம்பிக்கோணும்" என்றான் சாய்சரண், ஃபிளாப்பியை உருவிக்கொண்டே.

ஆபீஸ் பையன் என்றே ஐம்பது வயதிலும் அழைக்கப்படும் வேலுமணி, மானிட்டரைச் சுற்றி எலுமிச்சம்பழம் காட்டி அதை மேஜைக் காலுக்கடியில் நசுக்கினார். பேய்க் கதை கிளம்பிய இடம் அதுதான்.

புவனா சாறு பட்ட செருப்பைத் தரையில் தேய்த்தாள்.

"எழுதுனதுல தப்புன்னா ஒரே எடத்துலதானுங்க நிக்கோணும். இது போற எடத்துலயெல்லாம் உழுகுது. பாதையில கோளாறில்லீங்க, காலுல கோளாறு. வேலுமணிண்ணா, அந்தச் சீமாறை எடுங்க."

பஞ்சு பறக்காமல் இருக்கக் கதவைச் சாத்தினாள். கம்ப்யூட்டர் பெட்டியைத் திறந்தாள். மூக்கைப் பொத்திக்கொண்டு குனிந்து பார்த்தாள்.

ஃபேன் மேல் பஞ்சு கம்பளியாகப் படிந்திருந்தது. அடியில் ஆயுத பூஜைப் பொரி, ஊறிக் கறுத்த வெல்லம், எறும்பு. நூல் நூற்கிற ரிங் ஃபிரேமின் மோட்டாருக்கெல்லாம் மூடியைக் கழற்றி உள்ளே பொட்டு வைப்பது அந்த மில்லின் வழக்கம். அந்தப் பூஜையன்று கம்ப்யூட்டரையும் சாய்சரண் திறந்து காட்ட, முதலாளியே தம் கையால் உள்ளே சந்தனம் வைத்திருக்கிறார். வைத்த இடம் மெமரி அட்டையின் பற்கள். பின்பக்கத் தகட்டை மூட சாய்சரண் மறந்ததில், பொரிக்கு வந்த கரப்பான்கள் அங்கேயே குடும்பம் நடத்தி, சந்தனத்தின் மேலேயே கழிந்தும் வைத்திருந்தன.

"கருமம்! கருமம்!" என்று பெட்டியைக் கவிழ்த்துத் தட்டினாள். தட்டிய சத்தம்தான் வெளியே அடி விழுகிற சத்தமாகக் கேட்டது. சீமாறால் கூட்டித் தள்ளினாள். மெமரி அட்டையைக் கர்சீப்பால் பிடித்து உருவி, பென்சில் ரப்பரால் அதன் பற்களை ஒவ்வொன்றாகத் தேய்த்தாள். அந்த ரப்பரை ஜன்னல் வழியே வீசி எறிந்துவிட்டு மூன்று தடவை கை கழுவினாள்.

தினசரி வேலை அந்த அட்டையின் பாதியைக்கூடத் தொட்டதில்லை; கம்பைல்தான் மூலைமுடுக்கெல்லாம் மிதித்துப் பார்த்திருக்கிறது. இந்த முறை இரண்டு மணி நேரம் ஓடி, ஒரு இடத்திலும் விழாமல் முடிந்தது.

திங்கட்கிழமை குடோனில் மூன்று திரையும் எரிந்தன. முதலாளி பொள்ளாச்சிப் பார்ட்டி ஒருவரைக் கூட்டிவந்து காட்டினார். "எங்க புவனா பேயையே ஓட்டிப்போட்டாளுங்க. அடுத்த பூசைக்கு உள்ளாற ரெட்டைப் பொட்டா வெச்சுப்போடோணும்."

சாய்சரண் தலையாட்டினான். புவனா திரும்பினாள். டீயில் ஆடை மிதந்த அதே முகம்.

"பேயுமில்லீங்க, பிசாசுமில்லீங்க. நீங்க வெச்ச சந்தனமும் கரப்பான் பீயும். ரப்பர்ல தேச்சேன், போச்சு. இன்னொருக்கா உள்ளாற கையை உட்டீங்கன்னா, எடைமேடைக்கு நானே போயிக்கறேனுங்க."